அப்பா இரட்சிக்கப்பட்டிருந்த வருஷங்கள்

எங்கள் அப்பாவுக்குச் சாவைக் கண்டு பயமில்லை. அதற்குப் பிறகு வருவதைக் கண்டுதான் பயம். புதுச்சேரியில் ஒரு மருத்துவமனையில் அவர் அன்ஃபிர்மியே. ஊசி போடுவார், புண்ணுக்குக் கட்டுப் போடுவார், வேளைக்கு மருந்து ஊற்றிக் கொடுப்பார். அந்த வேலையில் சாவு சர்வ சாதாரணம். காலையில் அவரிடம் கஞ்சி கேட்ட ஆள் மத்தியானம் இருக்க மாட்டார். பாவங்களைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்தாரா, சாமியார் நேரத்துக்கு வந்தாரா என்றுதான் அப்பா முதலில் விசாரிப்பார். இல்லை என்று தெரிந்தால் அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்காது.

நாங்கள் தலைமுறை தலைமுறையாகக் கத்தோலிக்கர்கள். சாவான பாவத்தோடு செத்தால் நேரே நரகம் என்று எல்லாக் குழந்தைகளும்தான் படித்தோம். அப்பாவுக்கு மட்டும் அது ஏனோ எலும்பு வரைக்கும் இறங்கிவிட்டது. சனிக்கிழமை சாயங்காலம் பாவசங்கீர்த்தனம் செய்துவிட்டு வந்தால் ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடியும் வரைக்கும் முகம் தெளிவாக இருக்கும். திங்கட்கிழமை யாராவது ஒரு நோயாளி மேல் எரிந்து விழுந்திருப்பார். போச்சு. அடுத்த சனிக்கிழமை வரைக்கும் தெருவில் சுவரை ஒட்டியே நடப்பார், வண்டி மாடு முட்டி வைத்தால் என்ன ஆவது என்று. தூக்கம் என்பதே கிடையாது. அம்மாவுக்கும் அதே கோவில், அதே ஞானோபதேசம். அவள் படுத்ததும் தூங்கிவிடுவாள்.

"சாமியாரு மன்னிச்சிட்டாருன்னா மன்னிச்சதுதான். திருப்பித் திருப்பி நோண்டினா புண்ணு எப்படி ஆறும்? உங்களுக்குத் தெரியாததா?" என்பாள்.

"சொல்லாம உட்டுப்போனது ஏதாவது இருந்தா?" என்பார் அப்பா.

1954-இல் ஊரில் கொடி மாறியது. எனக்கு அப்போது பதினைந்து வயது. தெருவெல்லாம், பிரெஞ்சுக்காரன் போய்விட்டால் வேலை என்ன ஆகும், பென்ஷன் என்ன ஆகும் என்றே பேச்சு. அப்பா மட்டும், "கொடி மாறினா மாறிட்டுப் போவுது. நரகம் மாறலியே" என்றார். நானும் அம்மாவும் சிரித்தோம். அவர் வேடிக்கைக்குச் சொல்லவில்லை.

அடுத்த வருஷம் கடலூர்ப் பக்கத்திலிருந்து ஒரு போதகர் வந்தார். எல்லையில் சோதனை போடும் சாவடிகள் எடுபட்டுவிட்டதால் அந்தப் பக்கத்து ஆட்கள் தாராளமாக வந்து போகத் தொடங்கியிருந்த சமயம். வாய்க்கால் ஓரமாக, ஒரு கயிற்றுக் கடைக்கு மேல் மாடியில் கூடம் பிடித்துச் சின்னதாக ஒரு சபை நடத்தினார். அவருக்குக் காலில் ஆறாத புண் ஒன்று இருந்தது. அதற்குக் கட்டுப் போட்டுக்கொள்ள அப்பாவிடம் வந்தார்.

அப்பா பஞ்சை வைத்துத் துடைத்துக்கொண்டிருக்கும்போது அவர் கேட்டாராம், "சகோதரரே, நீங்கள் இன்றைக்கே இறந்துபோனால் எங்கே போவீர்கள்?" யாரிடம் போய் என்ன கேட்டார் பாருங்கள். அப்பா நினைவு தெரிந்த நாள் முதல் தன்னைத் தானே கேட்டுக்கொண்டிருந்த கேள்வி அது ஒன்றுதான். அப்பா திருப்பிக் கேட்டார், "நீங்க எங்க போவீங்க?"

"நான் பரலோகம் போவேன்" என்று அவர் சட்டென்று சொன்னார்.

"திமுருலதான் சொல்றாருன்னு பாத்தேன்" என்று அப்பா வீட்டுக்கு வந்து எங்களிடம் சொன்னார். "ஆனா அந்தாளு மூஞ்சில திமுரு இல்ல. பஸ்ஸுல சீட்டு போட்டு வச்சவன் மாதிரி நிம்மதியா சொல்றாரு."

புண் ஆறும் வரைக்கும் பேச்சு நடந்தது. புண் ஆறிய பிறகும் நடந்தது. போதகர் சொன்னதன் சாரம் இதுதான்: இரட்சிப்பு நாம் சம்பாதிப்பது அல்ல, அதனால் நாம் தொலைக்கவும் முடியாது. ஒருமுறை உண்மையாக ஏற்றுக்கொண்டவன் என்றைக்கும் தேவனுடைய பிள்ளை. தடுக்கி விழுவான், அடி வாங்குவான், ஆனால் பிள்ளை இல்லை என்று ஆகிவிட மாட்டான். அப்பா என்னையும் கூட்டிக்கொண்டு அந்தக் கூடத்துக்குப் போகத் தொடங்கினார். அங்கே இதைப் போதகர் விளக்கும் அழகே தனி. ஒரு புளியங்கொட்டையை உள்ளங்கையில் வைத்துக் காட்டி, கையை இறுக மூடிக்கொண்டு எங்களைக் கூப்பிடுவார், விரலைப் பிரித்து எடுத்துப் பாருங்கள் என்று. நானும் போய்ப் பிரித்துப் பார்த்தேன். இரும்புக் கை. "என் கையே இப்படி என்றால் தேவனுடைய கை எப்படி இருக்கும், மகளே?" என்று சிரித்தார். எனக்கு அவரை அவ்வளவு பிடித்துப்போயிற்று. இதை இப்போது எழுதும்போது கை கூசுகிறது. ஆனாலும் பிடித்திருந்தது என்பது நிஜம்.

அப்பா ஒரு ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தின் நடுவில் கையைத் தூக்கினார். ஏற்றுக்கொள்கிறேன் என்பதற்கு அடையாளம். கை நடுங்கியதை நான் பக்கத்திலிருந்து பார்த்தேன். அன்றைக்கு மத்தியானம் சாப்பிட்டுவிட்டுப் பாயில் படுத்தவர் விளக்கேற்றும் வரைக்கும் எழுந்திருக்கவில்லை. குறட்டை தெருவுக்குக் கேட்டது. அம்மா பயந்துபோய் மூக்கில் விரல் வைத்துப் பார்த்தாள்.

நோணாங்குப்பத்து ஆற்றில் முழுக்கு ஞானஸ்நானம் நடந்தது. படகுகளை ஒதுக்கிக் கட்டியிருந்த துறையில் போதகர் அப்பாவைப் பின்பக்கமாகச் சாய்த்துத் தண்ணீருக்குள் அமுக்கி எடுத்தார். அப்பா மூச்சு முட்டி எழுந்து, முகத்தை வழித்துவிட்டு, எல்லோரும் பார்க்க நெற்றியில், நெஞ்சில், தோளில் தொட்டு அழகாகச் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டார். கத்தோலிக்கப் பழக்கம். தண்ணீரைத் தொட்டால் கை தானாகப் போகும். கரையில் நின்றவர்கள் கொல்லென்று சிரித்துவிட்டார்கள். போதகரும் சிரித்து, அப்பாவைக் கட்டிக்கொண்டு, "பழைய சட்டை, மெல்லத்தான் கழலும். இனி இந்தச் சகோதரரை எதுவும் பிரிக்க முடியாது. பிசாசு பிரிக்க முடியாது, சாவு பிரிக்க முடியாது, இவர் நினைத்தாலும் முடியாது" என்றார். நானும் அப்பாவோடு சபையில் சேர்ந்தேன். அம்மா சேரவில்லை. கரையில் துண்டை வைத்துக்கொண்டு நின்றாள், அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு வந்த வருஷங்களை நான் குறை சொல்ல மாட்டேன். அப்பா தெரு நடுவில் நடந்தார். காலையில் ரொட்டி வாங்கிக்கொண்டு வரும்போது விசில் அடித்தார். நோயாளிகளிடம் எரிந்து விழுவதுகூடக் குறைந்தது. பயந்தவர்தான் எரிந்து விழுவார் என்று அப்போது தெரிந்துகொண்டேன். சபையில் புது ஆட்கள் வந்தால் போதகர் அப்பாவை எழுப்பி நிறுத்துவார். "இந்தச் சகோதரரைப் பாருங்கள். நித்தம் நித்தம் நரகத்துக்குப் பயந்து செத்தவர். இன்றைக்குக் கேளுங்கள்." அப்பா வெட்கப்பட்டுக்கொண்டே சாட்சி சொல்லுவார். ஒவ்வொருவரும் எந்த நாளில் இரட்சிக்கப்பட்டோம் என்று சொல்வது அங்கே வழக்கம். அப்பா நாளைச் சொல்லிவிட்டு, "அன்னிக்கு மத்தியானம்தான் நான் தூங்கினேன்" என்று சேர்த்துச் சொல்லுவார். எல்லோரும் ஆமென் என்பார்கள்.

அம்மாவுக்குத்தான் கஷ்டம். கல்யாணமான நாளிலிருந்து பூசைக்கு அவள் முன்னால் போவாள், அப்பா பின்னால் போவார். இப்போது தனியாகப் போனாள். கேட்பவர்களுக்கு அவருக்கு டியூட்டி என்று சொல்லி வைத்தாள். அப்பாவின் அக்கா, எங்கள் அத்தை, வீட்டுக்கு வருவதையே நிறுத்திவிட்டாள். கோவில் பீடத்துத் துணிகளைத் துவைத்துக் கஞ்சி போடுகிறவள் அவள். தம்பி ஆற்றில் முழுகினான் என்பதை அவளால் செரிக்க முடியவில்லை.

1960-இல் அத்தை செத்துப்போனாள். அப்பா கோவிலுக்குள் போவாரா மாட்டாரா என்று சொந்தக்காரர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் தயங்கவே இல்லை. வளர்த்த அக்கா ஆயிற்றே, சவப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு நேரே உள்ளே போனார். பூசை நடந்தது. நன்மை, அதாவது அப்பம், வாங்கும் நேரம் வந்தபோது அம்மா எழுந்து நடந்தாள். அவளுக்குப் பின்னால் அப்பாவும் எழுந்து நடந்தார். நான் கடைசி வரிசையிலிருந்து பார்த்தேன். அம்மா பீடத்தின் முன்னிருந்த கிராதியருகில் முழந்தாளிட்டாள், அவரும் முழந்தாளிட்டார். சாமியார் வரிசையாகக் கொடுத்துக்கொண்டே வந்தவர், பழகிய முகம், அவர் நாக்கிலும் அப்பத்தை வைத்துவிட்டுப் போய்விட்டார். திரும்பி வந்து உட்கார்ந்த பிறகுதான் என்ன செய்தோம் என்று அப்பாவுக்கே உறைத்தது.

கல்லறையிலிருந்து திரும்பும் வழியில் அவர் என்னிடம் சொன்னார், "உங்கம்மா எழுந்தா, நானும் எழுந்துட்டேன். காலு தானா போயிடுச்சி." சொல்லிவிட்டுச் சிரித்தார். பழைய அப்பாவாக இருந்தால் செத்தே போயிருப்பார். பாவசங்கீர்த்தனம் இல்லாமல் நன்மை வாங்குவது கத்தோலிக்கருக்குச் சாவான பாவம். வாங்கியதே சபையாருக்கு விக்கிரக ஆராதனை. இரண்டு பக்கமும் மாட்டிக்கொண்ட மனிதர் சிரித்துக்கொண்டு வந்தார். போதகர் சொன்னதை அவ்வளவு நம்பினார். பிள்ளை தடுக்கி விழுந்தான், பிள்ளை பிள்ளைதானே.

அந்த நம்பிக்கையில்தான் ஞாயிற்றுக்கிழமை சபையில் எழுந்து நின்று தானாகவே சொன்னார். யாரும் கேட்கவில்லை. காலு தானா போயிடுச்சி என்பதையும் சொன்னார், சிரிப்பையும் விடவில்லை. யாரும் கூடச் சிரிக்கவில்லை. போதகர் தலையைக் குனிந்துகொண்டார். கூட்டம் முடிந்ததும் அப்பாவைத் தனியே நிறுத்தி வைத்தார். நானும் நின்றேன்.

"சகோதரரே, இதற்காக அழுதீர்களா?" என்று கேட்டார்.

"எங்கக்காவுக்காக அழுதேங்கய்யா. இதுக்கு எதுக்கு அழறது?"

போதகர் மெதுவாகச் சொன்னார். தேவனுடைய பிள்ளை அந்தக் கிராதியருகில் முழந்தாளிட மாட்டான். முழந்தாளிட்டாலும் அழாமல் இருக்க மாட்டான். "இரட்சிப்பை யாரும் இழக்க முடியாது. நீங்களும் இழக்கவில்லை. நீங்கள் அதைப் பெறவே இல்லை என்று பயப்படுகிறேன்." நோணாங்குப்பத்தில் தண்ணீரிலிருந்து எழுந்து சிலுவை போட்டீர்களே, அப்போதே தனக்கு உள்ளுக்குள் ஒரு சந்தேகம் தட்டியது என்றும் சொன்னார்.

கட்டிக்கொண்டு சிரித்த மனிதர். அந்தச் சிரிப்புக்குள் இத்தனை வருஷம் இதை வைத்திருந்தாராம்.

என்ன அழகான ஏற்பாடு பாருங்கள். இந்த வீட்டுக்குள் வந்தவனை யாரும் வெளியே தள்ள முடியாது என்று சத்தியம் செய்கிறார்கள். நீ வெளியே நிற்பதைப் பார்த்தால், அடடா, நீ உள்ளே வந்ததே இல்லையே என்கிறார்கள். சத்தியம் அப்படியே இருக்கிறது. ஆள்தான் தெருவில்.

அப்பா மறுபடியும் சுவரை ஒட்டி நடக்கத் தொடங்கினார். அடுத்த வருஷம் வயிற்றில் கட்டி வந்தது. எத்தனையோ பேருக்குப் பார்த்தவர், அவருக்கு யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. வேலையிலிருந்து நின்று வீட்டோடு கிடந்தார். வலிக்கு ஊசி போட்டால் வலி நிற்கும், தூக்கம் வராது. கண்ணைத் திறந்தபடி கூரையைப் பார்த்துக்கொண்டு கிடப்பார். பக்கத்தில் போய் உட்கார்ந்தால் ஒரே கேள்விதான். "அப்ப நான் எங்கம்மா போவேன்?"

நான் போதகரைத் தேடிப் போனேன். பயந்துகொண்டு போகவில்லை, சண்டைக்குத்தான் போனேன். "வந்து ஒரே ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போங்க ஐயா. முன்ன சொன்னதையே சொல்லுங்க. அவரு தூங்கணும்" என்றேன்.

"பொய் சொல்லித் தூங்க வைக்கச் சொல்கிறாயா, மகளே?"

"யாரும் புடுங்க முடியாதுன்னு கையை மூடிக் காட்டினீங்களே. அந்தக் கையை யாரு தொறந்தது?"

"யாரும் திறக்கவில்லை. கை இன்னும் மூடித்தான் இருக்கிறது" என்றார். கண்ணில் தண்ணீர் நின்றது. "உள்ளே விதை இருக்கவே இல்லை, மகளே."

நடித்திருந்தால் நான் மன்னித்திருப்பேன். அவர் நிஜமாகவே அழுதார். அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

இரண்டு நாள் கழித்து ஆரஞ்சுப் பழத்தோடு வீட்டுக்கு வந்தார். அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டார். இன்னும் நேரம் இருக்கிறது, இப்போதாவது உண்மையாக ஏற்றுக்கொள்ளுங்கள், இந்த நிமிஷமே எல்லாம் சரியாகிவிடும் என்று கெஞ்சினார். அப்பா அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"போன தடவையும் உண்மையாத்தாங்கய்யா ஏத்துக்கிட்டேன்" என்றார். "இதுக்கு மேல உண்மையா எனக்கு ஏத்துக்கத் தெரியாது."

போதகர் ஜெபம் செய்துவிட்டு எழுந்து போனார். ஆரஞ்சை அம்மா தெருப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டாள்.

அம்மா தன் பங்குக்குக் கோவிலிலிருந்து கிழட்டுச் சாமியாரை அழைத்து வந்தாள். நல்ல மனிதர். திட்டவில்லை, பழசை எடுக்கவில்லை. பாவசங்கீர்த்தனம் மட்டும் செய், கடைசி நேரத்து அவஸ்தைப் பூசுதலும் கொடுத்துவிடுகிறேன் என்றார். அம்மா கதவோரம் நின்று முந்தானையைக் கசக்கிக்கொண்டிருந்தாள். அப்பா சொன்னார், "சாமி, நான் அஞ்சு வருஷம் நிம்மதியா இருந்தேன். இப்ப பாவசங்கீர்த்தனம் பண்ணா அந்த நிம்மதியப் பாவம்னு சொல்லணும். அது என் வாயில வரல."

"சரி, வரும்போது கூப்பிடு" என்று சாமியார் தலையில் கை வைத்துவிட்டுப் போனார்.

1962-இல் ஊர் முறைப்படி இந்தியாவோடு சேர்ந்தது. பிரெஞ்சுக் குடிமகனாகவே இருக்க விரும்புகிறவர்கள் எழுதிக் கொடுக்கலாம் என்று ஏற்பாடு. பார்க்க வருகிறவர்களெல்லாம் அப்பாவிடம் கேட்டார்கள், "நீங்க எந்தப் பக்கம்?" என்று. "அவங்க ரெண்டு பக்கமும் கூப்புடுறாங்க" என்றார் அப்பா. "மேல இருக்கிறவன்தான் ஒரு பக்கமும் எடுத்துக்க மாட்டேங்கிறான்." வந்தவர்கள் சிரித்தார்கள். அம்மா உள்ளே எழுந்து போய்விட்டாள்.

கடைசி வாரத்தில் ஒரு காலை, நான் அவருக்கு உதட்டை நனைத்துக்கொண்டிருந்தேன். "நீ பக்கத்துலதானே இருந்தே" என்றார். "நான் கை தூக்கினது உண்மையா, பொய்யா?"

"உண்மைதான்ப்பா."

"உனக்கு எப்படித் தெரியும்?"

கை நடுங்கியதைப் பார்த்தேன் என்றேன். அன்றைக்கு நீங்கள் தூங்கியதைப் பார்த்தேன், பொய்யாக ஏற்றுக்கொண்டவருக்கு அப்படித் தூக்கம் வருமா என்றேன்.

"தூக்கமா?" என்றார் அப்பா. "குடிச்சவனும்தான் தூங்குறான்."

அந்த மனிதரின் உள்ளத்தில் இருந்த ஒரே ஒரு நல்ல பகல் பொழுதையும் அவரே நம்ப முடியாமல் செய்துவிட்டார்கள். முன்பு அவருக்குப் பயம் மட்டும்தான் இருந்தது. இப்போது தன் மேலேயே நம்பிக்கை போய்விட்டது. இரண்டு நாளில் செத்துப்போனார். சாமியாரைக் கூப்பிடவில்லை.

இருந்தும் அந்தக் கிழவர் தாமாகவே வந்து, யாரையும் கேட்காமல், கோவில் கல்லறையில் அத்தைக்குப் பக்கத்திலேயே குழி தோண்டச் சொன்னார். அம்மா அவர் காலில் விழுந்தாள். எனக்கு விழத் தோன்றவில்லை, ஆனால் அவர் மேல் கோபமும் இல்லை.

போதகரும் வந்தார். வாசலில் செருப்பைக் கழற்றாமல், உள்ளே வரலாமா கூடாதா என்று தெரியாமல் நின்றார். ஆட்கள் பந்தல் கட்டிக்கொண்டிருந்தார்கள். நான் வெளியே போய் அவர் எதிரில் நின்றேன்.

"எங்கப்பா இப்ப எங்க இருக்காரு ஐயா?" என்று கேட்டேன்.

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அதை மனுஷர் எப்படிச் சொல்ல முடியும், மகளே? அது தேவனுக்கு மட்டும்தான் தெரியும்."

"அவரு உயிரோட இருந்தப்ப உங்களுக்குத் தெரிஞ்சிருந்துதே" என்றேன்.

உள்ளே அப்பாவைக் குளிப்பாட்ட என்னைக் கூப்பிட்டார்கள். நான் போய்விட்டேன்.